கொரியத் தம்பி கேட்ட கேள்வி

மகன்,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கதவை நீ அடித்துச் சாத்தின சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. சுகமில்லாத ஒருவனால் ஒரு கதவை அப்படிச் சாத்த முடியாது. கீழ்வீட்டு மனுசி அடுத்த நாள் எங்கள் பலசரக்குக் கடைக்கு வந்து, உங்கள் வீட்டில் அலுமாரி ஏதும் விழுந்ததோ என்று கேட்டாள். நல்ல பதில் ஒன்று வாயில் வந்தது. அதைச் சொல்லுமளவுக்கு எனக்குப் பிரெஞ்சு வராததால் அவள் தப்பினாள். நானும் அம்மாவும் நல்ல சுகம். அம்மா என்னோடு கதைப்பதில்லை, அது ஒன்றுதான் குறை. அதைக் குறை என்று நான் எழுதினேன் என்று அவளுக்குச் சொல்லிவிடாதே, தலைகால் தெரியாது அவளுக்கு.

தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் கோபம் வந்தால் நீ பிரெஞ்சில் கதைப்பாய், கோபப் பிரெஞ்சு எனக்கு விளங்காது. வாய் திறந்தால் நான் பகிடி விடுவேன், பேனை பிடித்தால் அவ்வளவு வராது. எட்டாம் வகுப்பு வாசலோடு படிப்பை முடித்தவன் எழுதுகிற கடிதம், எழுத்துப் பிழை இருந்தால் கண்டுகொள்ளாதே. நீயும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாசித்த வேகத்தில் வாசித்தால் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவாய். வெள்ளிக்கிழமைதானே நீ அவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள்.

நீ கேட்டது சின்னக் கேள்வி. கொரியத் தம்பி தன் ஊரில் பிள்ளைகளுக்குப் பந்துப் பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கிறான், தடுத்து விளையாடுவதைப் பழக்க உன்னைக் கூப்பிடுகிறான், "ரெண்டு வருசம்தான் அப்பா, போகட்டே?" என்றாய். அம்மா எழும்பிக் குசினிக்குள் போனாள். நான் என்ன சொன்னேன்? "அங்கை முருங்கைக்காய் கிடைக்குமோ?" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய், கோப்பையைத் தள்ளி வைத்தாய், பிறகு அந்தக் கதவு. முருங்கைக்காயைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை, மகன். கடையில் இல்லாத சாமானை ஆராவது கேட்டால் இருக்கிற சாமானை எடுத்து நீட்டுகிற பழக்கம் எனக்கு. உனக்குத் தெரியும்தானே.

ஆகவே நான் முதலில் அந்தக் கொரியத் தம்பியின் கதையைச் சொல்லப்போகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ அப்போது என் இடுப்பளவு உயரம், பாதி உனக்கு மறைந்திருக்கும்.

இரண்டாயிரத்து ஒன்பது எங்கள் தெருவுக்கு எப்படிப்பட்ட வருசம் என்று நான் எழுதத் தேவையில்லை. ஊரில் சண்டை முடிந்த வைகாசிக்குப் பிறகு எங்கள் லாச்சப்பல் தெருவில் சனம் கடைக்குள் வரும், வெங்காயத்தை எடுக்கும், வைக்கும், ஒன்றும் கதைக்காது. நானே பகிடி விடுவதை விட்டிருந்தேன். அம்மா பயந்துபோய், "இஞ்சருங்கோ, என்னை ஏதாவது நக்கலடியுங்கோவன்" என்று கேட்டாள். அவள் வாழ்க்கையில் அப்படிக் கேட்டது அந்த ஒரு தரம்தான். அந்த வருசம் கோடை முடிகிற நேரம் ஒரு நெட்டையான பொடியன் கடைக்குள் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். ஒவ்வொரு தட்டாகப் பார்த்தான். நெத்தலிக் கருவாட்டுப் பக்கெற்றைக் கண்டதும் நின்றான். எடுத்தான், மூக்கில் வைத்து மணந்தான், கண்ணை மூடிச் சிரித்தான். இந்தத் தெருவில் வெள்ளைக்காரர் அந்தத் தட்டைக் கடக்கும்போது மூச்சைப் பிடிப்பார்கள். இவன் பூவை மணப்பதுபோல் மணந்துகொண்டு நிற்கிறான். அம்மா என்னை இடித்து, "ஆரப்பா இது, எங்கடை ஆள்போலை" என்றாள். முகத்தைப் பார்த்தால் ஒரு பக்கத்தாலும் எங்கள் ஆள் இல்லை. ஆனால் மிச்சக் காசைக் கொடுத்தபோது இரண்டு கையையும் நீட்டிக் குனிந்து வாங்கினான், கோயிலில் திருநீறு வாங்குகிறதுபோல. அம்மா அதிலேயே விழுந்துவிட்டாள்.

நான் அவனைச் சீனன் என்றேன். தெருவே அப்படித்தான் சொன்னது. உனக்கு ஒன்பது வயது, காலை நிலத்தில் அடித்துக்கொண்டு கத்தினாய்: "சீனா இல்லை அப்பா, கொரேயென்! உங்களை இந்தியன் எண்டு சொன்னா நீங்கள் எப்பிடிக் கத்துவியள்?" நியாயமான கேள்வி. அன்றைக்கே அவன் கொரியத் தம்பி ஆனான். அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்ல நாங்கள் இரண்டு பேரும் முயற்சி செய்தோம். அவன் காதைப் பொத்தாமல் கேட்டதே பெரிய மரியாதை.

அவன் போட்டிருந்த சட்டையில் இருந்த அடையாளத்தைப் பார்த்து, அவன் பந்து விளையாடுகிறவன் என்று கண்டுபிடித்ததும் நீதான். சென் தெனிப் பக்கத்தில் ஒரு கிளப், இரண்டாம் பிரிவோ என்னவோ, அவனை எடுத்திருந்தது. எங்களுக்கு மேலே மூன்றாம் மாடியில் ஓர் அறை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். "கோல் அடிக்கிறவனோ?" என்று கேட்டேன். "இல்லை அப்பா, கோல் அடிக்க விடாதவர்." "அப்ப இவன் ஒண்டும் அடிக்க மாட்டானோ?" "மாட்டார்." "அதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களோ?" நீ அன்றைக்கும் என்னை இந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தமாதிரித்தான் பார்த்தாய். அந்தப் பார்வை உனக்குப் பிறவியில் வந்தது, கொரியாவில் பழகப் போகத் தேவையில்லை.

நான் ஊரில் பள்ளிக்கூட அணியில் விளையாடினேன் என்று அவனுக்கு ஒரு பொய் அவிழ்த்துவிட்டேன், நினைவிருக்கிறதா? நீதான் பிரெஞ்சில் சொன்னாய், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். அவனும் நம்பி, பின்வளவில் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் பந்தை என் காலடியில் போட்டு, வாருங்கள் என்று கை காட்டினான். நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு பந்தைத் தட்டிக்கொண்டு போனேன். வந்து பறிப்பான், விழுத்துவான் என்று பார்த்தால் அவன் வரவேயில்லை. முழங்காலை மடித்து, எனக்கு முன்னால் நின்றான். நான் இடப்பக்கம் போனால் அவனும் கொஞ்சம் இடம். வலம் போனால் வலம். பின்னுக்குப் பின்னுக்குப் போகிறானே ஒழிய, காலை நீட்டுகிறான் இல்லை. கடைசியில் எனக்குத்தான் அவசரம் வந்து, நானே பந்தை எத்தி, அது பச்சைத் தொட்டிக்குள் போய் விழுந்தது. அவன் ஒன்றுமே செய்யவில்லை, மகன். நின்றான், அவ்வளவுதான். "முதலிலை காலை நீட்டுறவன் தோற்றுப்போவானாம்" என்று நீ மொழிபெயர்த்தாய். அதை அன்றைக்கே நான் பிடித்துக்கொண்டிருந்தால் பின்னால் வந்த கூத்து நடந்திராது.

அதற்கு முன்னால் அந்த மைதானக் கதை. முதல் வருசம் முழுக்க அவன் மைதான ஓரத்தில், மாற்று ஆட்களின் வாங்கிலேதான் இருந்தான். கடைக்கு வருகிற நேரம் "விளையாடினியோ?" என்று அம்மா கையால் கேட்பாள், அவன் இரண்டு கையையும் தொடையில் வைத்து, இருந்தேன் என்று காட்டுவான். அடுத்த வருசம் ஒரு நாள் துள்ளிக்கொண்டு வந்தான். கையில் எங்கள் மூன்று பேருக்கும் நுழைவுச் சீட்டு. அம்மா சீலை உடுத்தாள். எந்த மனுசி பந்து பார்க்கச் சீலை உடுத்துவாள் என்று நான் கேட்டதற்கு, எங்கடை பிள்ளை முதன்முதல் விளையாடுது, சும்மாவோ என்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அவனைத் தவிர வேறு ஒருவரையும் தெரியாது, ஆகவே பந்தைப் பார்க்கவில்லை, அவனை மட்டும் பார்த்தோம். ஒரு பந்து உயர்ந்து வந்தது. கொரியத் தம்பி எல்லோருக்கும் மேலால் எழும்பித் தலையால் அடித்தான். பந்து வலைக்குள். நானும் அம்மாவும் எழும்பி நின்று கை தட்டினோம். நான் விசில் அடித்தேன். "அடிச்சான் பார், கோல் அடிக்க மாட்டான் எண்டாய்!" என்று உன் முதுகில் வேறு தட்டினேன். சுற்றியிருந்த சனம் முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்தது. நீ கழுத்துத் துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுவதுபோலச் சொன்னாய்: "அது அவையின்ரை வலை இல்லை அப்பா. எங்கடை வலை."

அடுத்த நாள் அவன் கடைக்கு வருவானா என்று அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தான், கண் வீங்கியிருந்தது. நெத்தலிப் பக்கெற்றை எடுத்தான். நான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் புளியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு நின்றேன். அவன் உன்னிடம் ஏதோ சொன்னான். நீ சொன்னாய்: "அந்த மைதானத்திலை நேற்றுத் தனக்குக் கை தட்டினது நீங்கள் ரெண்டு பேரும்தானாம். அதுக்கு நன்றியாம்." பிறகு சிரித்தான். நானும் சிரித்தேன். அம்மா இரண்டு பக்கெற்றைச் சும்மா கொடுத்தாள். அந்த நாளிலிருந்து அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை. நீ பெரிய ஆளாய் வந்து எந்தெந்தத் தோல்வியோடோ வீட்டுக்கு வந்த நேரமெல்லாம் எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வரும். தன் வலைக்குள் போட்டவன் அடுத்த நாள் கடைக்கு வந்தான், பார்.

பிறகு அவன் நல்லாய் விளையாடினான். பேப்பரில் அவன் படம் வந்தது, நீ வெட்டிச் சுவரில் ஒட்டினாய். பிறகு முழங்கால் போனது. கொஞ்ச மாதம் தடியோடு மாடிப்படி ஏறினான், அம்மா ஒவ்வொரு நாளும் சூப் காய்ச்சி உன்னிடம் கொடுத்து அனுப்பினாள். முழங்கால் சுகமாகி வருகிற நேரம்தான் ஒரு நாள் கடைக்கு வந்து, தான் ஊருக்குப் போகிறேன் என்றான். ஏன் என்று கேட்டோம். நெற்றியில் கையை வைத்துச் சல்யூட் அடித்துக் காட்டினான். நீ சொன்னாய்: "ஆமியிலை சேர வேணுமாம்."

மகன், எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அம்மாவின் கையிலிருந்த தராசுத் தட்டு கீழே விழுந்தது. எனக்குள் எங்கேயோ படுத்துக்கிடந்த ஒரு பயம் எழும்பி நின்றது. நான் கடைக்கதவை உள்ளால் சாத்தினேன். "நீ போகாதை" என்றேன், அவன் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு. "நாங்கள் இருக்கிறம். ஒண்டுக்கும் பயப்பிடாதை." அவனுக்குப் பயம் ஒன்றும் இருக்கவில்லை. பயந்தது நாங்கள்தான். பயத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஞாபகத்துக்கு வந்தது. இந்தத் தெருவில் ஒருவன் ஆமி என்று சொன்னால் அடுத்த வேலை என்ன? யோகண்ணையிடம் கூட்டிக்கொண்டு போவது. எங்கள் ஆட்கள் பாதிப் பேருக்கு அகதிக் கேஸ் எழுதிக் கொடுத்தவர் அவர்தான், என் கேஸ் உட்பட. சாப்பாடு என்று சொல்லி அவனைக் கூட்டிக்கொண்டு போனோம். திங்கட்கிழமை பின்னேரம், நீ பள்ளிக்கூடப் பையோடு நேரே வந்தாய், மொழிபெயர்க்க.

யோகண்ணை மூக்குக்கண்ணாடியைப் போட்டு வழமைபோலத் தொடங்கினார். "பிரச்சினை ஆராலை?"

"ஆமியாலை, அண்ணை" என்றேன் நான்.

"பிடிச்சவங்களோ?"

"இன்னும் இல்லை. இனித்தான் இவன் போய்ச் சேர வேணும்."

"காயம் ஏதும்?"

"ஓம், முழங்காலிலை பெரிசு."

"அது எப்பிடி வந்தது?"

"பந்தடிச்சு."

யோகண்ணை கண்ணாடியைக் கழற்றினார். "டேய், பந்தடிச்ச காயத்துக்கு எந்த நாட்டிலையடா அகதிக் காட் குடுத்தவன்?" என்றார். "பொடியனைக் கேட்டனியோ, அவனுக்கு இது வேணுமோ எண்டு?"

கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கே அது தெரிந்தது. நீ அவனுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாய். எங்களுக்குப் பதினொரு வயதுப் பிள்ளையைத் தவிர வேறு வாய் இருக்கவில்லை. அவன் முதலில் சிரித்தான். பிறகு எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். மெதுவாகச் சொன்னான், நீ ஒவ்வொன்றாகத் தமிழில் தந்தாய். அங்கே எல்லா ஆம்பிளைப் பிள்ளைகளும் போகிறதாம். பந்து விளையாடுகிறவர்களுக்கு ஆமியிலேயே ஓர் அணி இருக்காம், அதிலே விளையாடப் போகிறானாம். இரண்டு வருசமாம். முதல் நாள் அம்மா வாசல்வரைக்கும் வந்து விடுவாவாம். உள்ளே போனதும், போட்டுக்கொண்டு போன உடுப்பை ஒரு பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். "அந்தப் பெட்டியைத் திறக்கேக்கை எல்லா அம்மாமாரும் அழுவினமாம்" என்று நீ சொல்லி முடிக்கவில்லை, எங்கள் அம்மா ஓ என்று அழத் தொடங்கிவிட்டாள்.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று உன்னைக் கேட்டான். நீ என்னைக் கேட்டாய். எங்கள் ஊரில், கொண்டுபோன பிள்ளையின் உடுப்பு மட்டும் வீட்டுக்கு வந்தால் அதற்கு அர்த்தம் வேறு என்று அந்த வயதில் உனக்கு எப்படிச் சொல்வது? "அம்மாவுக்குத் தலையிடியாம் எண்டு சொல்லு" என்றேன். நீ சொன்னாய். அவன் நம்பவில்லை. எழும்பி வந்து அம்மாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்தான், அந்தப் பழுதுபட்ட முழங்காலில். "நான் திரும்பி வருவேன், வீட்டுக்குத் திரும்பி வருகிறதுக்குத்தான் போகிறேன்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, மரியாதையாக, சின்னப் பிள்ளை கேட்கிறதுபோல ஒரு கேள்வி கேட்டான். நீ அதைத் தமிழில் சொல்லக் கொஞ்சம் தயங்கினாய். "நீங்கள் எப்ப வீட்டை போவியள் எண்டு கேக்கிறார், அப்பா."

யோகண்ணை குனிந்து மேசையைப் பார்த்தார். அம்மா மூக்கைத் துடைத்தாள். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "கடை பூட்டினாப் பிறகு" என்றேன்.

அது பகிடி. நீ அதைப் பகிடி இல்லாமல், தட்டையாக, பள்ளிக்கூடப் பாடம்போலப் பிரெஞ்சில் சொன்னாய். அவனும் உண்மை என்று நினைத்துத் தலையாட்டினான். ஓ, கடை இருக்கிறதுதானே, பூட்டாமல் எப்படிப் போவது என்று யோசித்திருப்பான். அதோடு நிற்காமல் அதைத் தமிழில் எப்படிக் கேட்பது என்று உன்னிடம் பழகினான். போகிறவரைக்கும் ஒவ்வொரு பின்னேரமும் கடைவாசலில் தலையை நீட்டி, "கடை பூட்டியாச்சோ?" "இன்னும் இல்லையடா." அவனுக்கு அது குட் நைற் சொல்கிறமாதிரி.

போகிற அன்றைக்கு எங்கள் மூன்று பேருக்கும் குனிந்து வணக்கம் சொன்னான். அம்மா அவன் பைக்குள் நெத்தலி திணித்தாள். கொரியாவுக்கு நெத்தலி கொண்டுபோவது, லாச்சப்பலுக்கு வெங்காயம் கொண்டுவருகிறமாதிரி என்று நான் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் நாங்கள் மூன்று பேரும் உன் கொம்பியூட்டரில் பார்த்ததுதான். ஆமி அணியில் அவன் ஒரு கோல் அடித்தான், இந்த முறை சரியான வலைக்குள். அடித்துவிட்டு எல்லோரும் வரிசையில் நின்று சல்யூட் அடித்தார்கள். அம்மாவுக்கு ஆமி உடுப்பைக் கண்டால் ஆகாது, அறையை விட்டுப் போய்விடுவாள். அன்றைக்குப் போகவில்லை. "இவன் ஒருத்தனுக்காகப் பாக்கிறன்" என்றாள். இரண்டு வருசத்தில் அந்த உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். சொன்னபடியே போனான், மகன். அவனுடைய அம்மா வாசலில் நிற்கிற படத்தை அனுப்பினான். எங்கள் அம்மா அதைக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டி வைத்தாள். இன்றைக்கும் இருக்கிறது, மஞ்சள்தூள் பட்டுப் பட்டு அந்த மனுசியே மஞ்சளாகிவிட்டா.

அதன் பிறகு அவன் ஊர்க் கிளப்பில் சேர்ந்தான். பெரிய பேர் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு உலகக் கிண்ணத்துக்கும் அவன் நாட்டு அணியின் பெயர்கள் வருகிற அன்றைக்கு நீ பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருவாய், பிறகு கொலேஜ் விட்டு, பிறகு வேலை விட்டு. ஒருக்காலும் அவன் பெயர் வரவில்லை. எனக்கு ஆத்திரம், உனக்கு அழுகை. அவனிடம் கேட்டால், "எங்கடை ஊர்ச் சனம் ஒவ்வொரு கிழமையும் வருகுது, நான் அவைக்கு விளையாடுறன்" என்பான். அந்த அணிக்குத் தலைவன் ஆனான். தலைமயிர் குறைந்தது. முழங்கால் திரும்பவும் போனது, வந்தது. ஒவ்வொரு புதுவருசத்துக்கும் தொலைபேசியில் முகம் காட்டி முதல் கேள்வி, "கடை பூட்டியாச்சோ?" அவன் கடைசி விளையாட்டு விளையாடின அன்றைக்கு, மைதானத்தில் நின்றபடியே தொலைபேசி எடுத்தான். பின்னால் சனம் பாடுகிற சத்தம். வழமையான கேள்வியைக் கேட்டான். "இன்னும் இல்லை" என்றேன். "உன்ரை கடை?" என்று கேட்டேன். நீ சொல்லிக்கொடுக்காமலே அவனுக்கு விளங்கியது. சேறு பட்ட சப்பாத்து இரண்டையும் கழற்றிக் கையில் தூக்கிக் காட்டினான். "பூட்டியாச்சு" என்றான். தமிழில். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் சாமான் தேடினேன்.

இனி நான் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை "ரெண்டு வருசம்தான் அப்பா" என்றாய். அதே சொல்லைத்தான் நானும் சொன்னேன், பிரான்ஸுக்கு வெளிக்கிட்ட அன்றைக்கு, என் அம்மாவிடம். பஸ்ஸுக்குள்ளிருந்து தலையை நீட்டிச் சொன்னேன், இரண்டு வருசம்தான் அம்மா. நான் பொய் சொல்லவில்லை. சொல்லும்போது அது முழு உண்மை. பிறகு காட் வர வருசம் போனது, காட் வந்தபோது சண்டையில் ஊருக்குப் பாதை இல்லை, பாதை வந்தபோது போய்ப் பார்க்க அம்மா இல்லை. ஆகவே எவனாவது இரண்டு வருசம் என்று சொன்னால் என் காதில் அது வேறுமாதிரி விழும். அது உன் பிழை இல்லை. நீ உன் வாயால் சொன்னாய், நான் என் குரலில் கேட்டேன்.

முருங்கைக்காய் வந்தது அங்கேயிருந்துதான்.

ஆனால் இந்த இரண்டு நாளாகக் கடையில் நின்று யோசிக்கிறேன். இரண்டு வருசம் என்று சொல்லிவிட்டு இரண்டு வருசத்தில் வீட்டு வாசலில் போய் நின்ற ஒருவனையும் எனக்குத் தெரியும்தானே. கல்லாப்பெட்டிக்கு மேலே படமே இருக்கிறது. எங்களுக்குப் போகத் தெரியும், மகன். போய்த் திரும்புகிறது எப்படி என்று இந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது, ஆகவே அவனுக்கும் திரும்பாமல் இருக்கிற வழியைத்தான் ஓடி ஓடிக் காட்டினோம். அவன் போய்த் திரும்பிக் காட்டினவன். அப்படிப்பட்ட ஒருவன் கூப்பிடுகிற இடத்துக்கு நீ போகாமல் வேறு எங்கே போவது? அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் இன்னும் கதைக்கவில்லை. ஆனால் நேற்று உன் குளிர்ச் சட்டையை எடுத்துத் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறாள். அவளுடைய பதில் அது. நான் அன்றைக்குப் பின்வளவில் செய்ததுபோல அவசரப்பட மாட்டேன், அவன் நின்றமாதிரி நிற்கிறேன். பொபினியில் நீ பந்து பழக்குகிற வாண்டுகளின் தாய்மார்தான் உன்னை விடுவார்களோ தெரியாது, அதை நீயே பார்த்துக்கொள்.

போ. திரும்பி வருவேன் என்று சத்தியம் பண்ணச் சொல்லிக் கேட்கவும் மாட்டேன். அங்கே ஒரு பெட்டையைக் கண்டு பிடித்துக்கொண்டால் முதலில் அம்மாவிடம் சொல்லாதே, என்னிடம் சொல்லு, நான் அவளுக்கு நெத்தலி பிடிக்குமா என்று விசாரித்துவிட்டுப் பக்குவமாய் எடுத்துவிடுகிறேன். குளிர் அங்கே இஞ்சையை விட மோசமாம். காதை மூடு. ஆராவது உன்னை இந்தியன் என்றால், ஒன்பது வயதில் எனக்குக் கத்தினமாதிரிக் கத்தாதே, நெத்தலி ஒரு பக்கெற் கொடுத்துச் சிநேகமாகு.

இன்னும் ஒன்று. இந்த வருசம் கடையை விடுவோம் என்று அம்மா கனநாளாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், உனக்குத் தெரியும். அவளுக்கு இடுப்பு, எனக்குத் தோள்மூட்டு. நகருக்கு வெளியே பொண்டியில் சின்ன வளவோடு ஒரு வீடு பார்த்து, வெண்டியும் மிளகாயும் நட்டு, நாள் முழுக்கச் சண்டை பிடித்துக்கொண்டு இருக்கலாம் என்று நானும் ஓம் சொல்லத்தான் இருந்தேன். இப்போது இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அவள் கதைக்காததுக்கு அதுவும் ஒரு காரணம்.

நீ அங்கே போய் இறங்கினதும் கொரியத் தம்பி இரண்டு கையாலும் உன் கையைப் பிடிப்பான். பிடித்துக்கொண்டு முதலில் கேட்கப்போவது என்ன என்று உனக்குத் தெரியும். அப்போது நீ உன் வாயால் அவனுக்கு இப்படிச் சொல்லு: "கடை பூட்டவில்லை. அப்பாவுக்குப் போக ஒரு வீடு இருந்தபோது, பூட்டிவிட்டுப் போவேன் என்று சொன்னார். இப்போது வீட்டுக்கு வரவேண்டிய ஆள் நான், வீடு அந்தக் கடைதான், ஆகவே நான் வருகிறவரைக்கும் திறந்திருக்குமாம்."

இதையும் நீ பள்ளிக்கூடப் பாடம்போலத் தட்டையாகத்தான் சொல்வாய். சொல்லு. இந்த முறை அப்படிச் சொன்னால்தான் சரி. இது பகிடி இல்லை.

அப்பா